பூஜ்யம் கிலோ பிள்ளைகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கெல்லாம் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை என்னிடம் எப்போதுமே கொஞ்சம் கம்மி. திண்டிவனம் அலுவலகத்தில் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து குப்பை கொட்டியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் ஒரு கோபத்தை எழுதித் தருகிறேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் ஆறாத கோபம்.

போன வாரம் உங்களில் ஒருத்தர் போன் செய்தார். "மேடம், ஷீட்ல ஃபார்முலா எல்லாம் போட்டாச்சு. இனிமே அதுவே பாத்துக்கும்" என்றார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். நான்தான் போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். அது பார்த்துக்கொள்ளாது, தம்பி. கூட்டச் சொன்னால் கூட்டும், வகுக்கச் சொன்னால் வகுக்கும். பார்ப்பது உன் வேலை. அதற்குத்தான் உனக்குச் சம்பளம்.

நான் 1993-ல் நம் நிறுவனத்தின் திண்டிவனம் கிளையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பங்களில் நாம் பால்வாடிகள் நடத்திவந்த காலம். தலைமை அலுவலகம் அப்போதும் விழுப்புரத்தில்தான். ஒவ்வொரு மாதமும் மூன்றாம் வெள்ளிக்கிழமை எல்லாப் பால்வாடியிலும் பிள்ளைகளை எடை போடுவார்கள். டீச்சர்கள் எழுதிய எடைப் பதிவேடுகள் திண்டிவனத்துக்கு வரும். நான் அவற்றைச் சுத்தப் பிரதி எடுத்து, பால்வாடிக்கு ஒரு சராசரி எடை போட்டு விழுப்புரத்துக்கு அனுப்புவேன்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் எங்கள் திண்டிவனம் கிளையின் தலைமை எழுத்தர். பெயர் வேண்டாம், அவர் இப்போது இல்லை. சிவப்புப் பென்சிலும் கையுமாகக் கட்டம் கட்டமாகப் பார்ப்பார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், பதிவேட்டைத் தூக்கி என் மேஜையில் போடுவார். "காலிக் கட்டம்னா தொறந்து கெடக்குற வூடும்மா. எவன் வேணா பூந்துடுவான். ஒண்ணும் இல்லன்னா பூஜ்யம் போடு" என்பார். அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரோ ஒருவன் காலிக் கட்டத்தில் பிறகு எதையோ எழுதிவைத்து, ஒரு அப்பாவிக்கு வேலை போயிருக்கிறது. அந்தப் பயம் அவருக்கு. காகிதத்தில் அது ரொம்பச் சரியான பயம். இன்றைக்கும் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

எடைக்கு வராத பிள்ளைக்கும் அப்படித்தான் பூஜ்யம் போட்டுப் பழகினேன். ஆனால் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு சராசரி போடும்போது, வந்த தலைகளை மட்டும் எண்ணித்தான் வகுப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. கண் தானாகவே பூஜ்யத்தைத் தாண்டிப் போய்விடும். பூஜ்யம் என்றால் பிள்ளை வரவில்லை என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்தில் கம்ப்யூட்டர் வந்தது. விழுப்புரத்தில் மூன்று நாள் பயிற்சி. கட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஆவரேஜ் என்று ஒரு வார்த்தை போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் சராசரி வந்து நிற்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஏழு வருஷம் விரல் தேயக் கால்குலேட்டரைத் தட்டியவளுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஊருக்கு வந்து எல்லாப் பால்வாடிக்கும் ஒரே நாளில் போட்டு முடித்தேன். வராத பிள்ளைகளுக்கு வழக்கம்போலப் பூஜ்யம். காலிக் கட்டம் ஒன்றுகூட இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆவரேஜ் காலிக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது, பேசாமல் விட்டுவிடும். பூஜ்யத்தை விடாது. அதன் கணக்கில் பூஜ்யமும் ஒரு எடை, பூஜ்யத்துக்கு உரிய பிள்ளையும் ஒரு தலை. ஒன்றிரண்டு பேர் வராத மாதங்களில் சராசரி லேசாக இறங்கும். மழை, சளிக் காய்ச்சல், பரீட்சை லீவு என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வோம். பால்வாடிப் பிள்ளைக்கு ஏது பரீட்சை? ஆனால் அப்படி ஒரு காரணத்தையும் நான் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன். ஒரு வருஷம் இப்படி ஓடியது.

அடுத்த வருஷம் ஆடியில் அந்த மூன்றாம் வெள்ளிக்கிழமை அமாவாசையாகப் போயிற்று. ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகாமல் குப்பத்தில் யார் இருப்பார்கள்? முந்தின நாளே பாதிக் குப்பம் வேன் பிடித்துப் போய்விட்டது. அந்தக் குப்பத்துப் பால்வாடி டீச்சர் அஞ்சலை. அவரும் கடல்காரர் வீட்டுப் பெண்தான், அதே ஊரில் பிறந்து அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். எடை நாளைத் தள்ளிவைக்கலாமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார். தேதி தலைமை அலுவலகம் போட்டது, மாற்ற முடியாது என்று பதில். சரி என்று இருந்த பதினெட்டுப் பிள்ளைகளை எடை போட்டு எழுதினார். மீதிப் பன்னிரண்டு கட்டத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் பென்சிலால் "மலையனூர்" என்று எழுதிவைத்தார்.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். மலையனூர் என்று படித்துவிட்டு, பன்னிரண்டு பூஜ்யத்தை வரிசையாகத் தட்டினேன்.

பதினெட்டுப் பிள்ளைகளின் மொத்த எடை இருநூற்றுப் பதினாறு கிலோ. பதினெட்டால் வகுத்தால் பன்னிரண்டு. ஆவரேஜ் முப்பதால் வகுத்து ஏழு புள்ளி இரண்டு என்றது. போன மாதம் முப்பது பேரும் வந்திருந்தார்கள், சராசரி பன்னிரண்டு புள்ளி ஒன்று. ஒரு மாதத்தில் ஒரு பால்வாடியே ஐந்து கிலோ இளைத்துவிட்டது. அதைப் பிரின்ட் எடுத்து, மடித்து, உறையில் போட்டு விழுப்புரத்துக்கு அனுப்பியவள் நான்.

அங்கே அப்போதிருந்த செயலாளர் அந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டார். வட்டமிட்டதோடு சரி, யோசிக்கவில்லை. நாலு வயசுப் பிள்ளைகள் முப்பது பேர் ஒரே மாதத்தில் கைக்குழந்தை எடைக்கு இறங்கினால் அந்த ஊரில் கொள்ளை நோய் வந்திருக்க வேண்டும். அப்படி நினைத்திருந்தால்கூட ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குத் தரும் சத்துமாவு டீச்சர் பொறுப்பில் இருக்கும். "சத்துமாவை வித்துட்டா" என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது இதை நினைத்தால்தான். பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லும் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, மாவு மூட்டையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் கடிதத்தோடு குப்பத்துக்குப் போனார். கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டில் பிள்ளைகளின் எடை இறங்கியிருப்பதால் மாவு இருப்புக் குறித்து விசாரணை முடியும்வரை அஞ்சலை பொறுப்பிலிருந்து விலகியிருக்க வேண்டும், சாவியை ஒப்படைக்க வேண்டும். தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப்போக அம்மாமார்கள் வந்து நின்ற நேரத்தில் வாசலில் வைத்துப் படித்தார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க மாவுத் திருடி என்று பெயர் பரவிவிட்டது. அஞ்சலைக்கு அந்தக் குப்பத்தை விட்டால் போக்கிடம் இல்லை. வேலை போனால் வேறு வேலை பார்க்கலாம். அந்தப் பெயரோடு அதே மணலில் எப்படி நடப்பது?

இறுதி முடிவெடுக்கப் புதன்கிழமை மூன்று மணிக்கு விழுப்புரத்தில் நிர்வாகக் கமிட்டிக் கூட்டம். அன்று காலை பத்து மணிக்கு அஞ்சலை திண்டிவனம் அலுவலகத்துக்குள் வந்தார். இடுப்பில் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு பிள்ளைகள், தோளில் தொங்கவிட்டபடி எடைத் தராசு. பதிவேட்டில் அவர் கையெழுத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"இங்க மல்லிகாங்கறது யாரு?"

"நான்தாங்க டீச்சர்."

"கம்ப்யூட்டர்ல எம் புள்ளிங்கள பத்தி இன்னா எழுதிக்கினு இருக்க? எனக்குக் காட்டு."

காட்டக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. காட்டினேன். அஞ்சலை திரையில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். ஏழாவது பெயரில் விரல் நின்றது.

"இது இன்னா, ராஜவேலுக்கு நேரா முட்டை போட்டு வெச்சிருக்க?"

"வரலைங்களே டீச்சர், அதான் பூஜ்யம்."

"வரலன்னா வரலன்னு போடு. பூஜ்யம் கிலோன்னு போடுவியா?" இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கி என் மேஜைமேல் நிறுத்தினார். "இவன்தான் ராஜவேலு. தூக்கிப் பாரு. இவன் பூஜ்யம் கிலோவா? அவங்க அம்மாவே இட்டுக்கினு போ, அவங்க கண்ணுல காட்டுன்னு அனுப்பி வெச்சாங்க."

ராஜவேலு கையில் முறுக்கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அஞ்சலை ஜன்னல் கம்பியில் தராசை மாட்டினார். மூன்று பேரையும் ஒவ்வொருவராகத் தொங்கவிட்டுப் படித்தார். பதினொன்று புள்ளி எட்டு, பதின்மூன்று புள்ளி இரண்டு, பன்னிரண்டரை. மூன்று பேருக்கும் நேராக என் ஷீட்டில் பூஜ்யம் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு பூஜ்யத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். கீழே ஏழு புள்ளி இரண்டு இருந்த இடத்தில் பன்னிரண்டு வந்து நின்றது. ஒரு பட்டன்தான். அந்த ஒரு பட்டனுக்காக ஒருத்தி நாலு நாளாக ஊர் முகத்தில் விழிக்க முடியாமல் இருந்திருக்கிறாள். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

சூப்பர்வைசர் பக்கத்திலேயே இருந்தார். விஷயம் புரிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். "இத்த பெருசு பண்ணாத மல்லிகா. புதுசா ஒரு பிரின்ட் எடு, நான் விழுப்புரத்துக்குப் போன் பண்ணி கம்ப்யூட்டர் மிஸ்டேக்குன்னு சொல்லிடறேன். உனக்கும் பேஜாரு இல்ல, எனக்கும் பேஜாரு இல்ல" என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டருக்கு வேலை போகாது, மானம் போகாது, மணலில் நடக்க வேண்டிய தேவையும் இல்லை. பழியைப் போட அதைவிடத் தோதான ஆள் கிடையாது. இன்றைக்கும் உங்களில் எத்தனை பேர் "சிஸ்டம் எரர் சார்" என்று சொல்லித் தப்பிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஜன்னலில் தராசு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"ஜல்தி கெளம்புங்க டீச்சர். மூணு மணிக்குள்ள விழுப்புரம் போயாகணும்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளுக்கு அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, வாங்கினேன். வழியெல்லாம் அஞ்சலை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மல்லாட்டையை உரித்து உரித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துக்கொண்டே வந்தார்.

கமிட்டியில் ஐந்து பேர். பிஸ்கட், டீ. நாங்கள் பிள்ளைகளும் தராசுமாக உள்ளே போனதும் செயலாளர் எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? யாரைக் கேட்டுக்கினு உள்ள வர்றீங்க?"

"சார், அந்த ஏழு புள்ளி ரெண்டு தப்பு."

"கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டும்மா அது. அது எப்பிடித் தப்பாகும்?"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணல சார். நான் பண்ணேன். வராத பன்னெண்டு புள்ளைங்களுக்குப் பூஜ்யம்னு போட்டேன். அது நான் சொன்ன மாதிரியே பன்னெண்டு பூஜ்யத்தையும் சேத்து வகுத்துடுச்சி. சரியா போட்டா சராசரி பன்னெண்டு. டீச்சர் மேல ஒரு தப்பும் இல்ல."

கமிட்டியில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி விடுங்க. டெக்னிகல் எரர்னு மினிட்ஸ்ல எழுதிக்கலாம். லெட்டரை வாபஸ் வாங்கிடலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் அளவில் விஷயம் முடிந்தது. ஒருவர் பிஸ்கட்கூட எடுத்துவிட்டார்.

அஞ்சலை நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"எரர்னா இன்னாங்க?"

"தவறும்மா. தெரியாம நடந்த தவறு."

"மாவு திருடிட்டான்னு சொன்னப்ப அதுக்கு ஒரு பேரு இருந்துச்சிங்களே, அஞ்சலைன்னு. ஊரு பூரா படிச்சிக் காட்டுனீங்க. இப்ப தப்பு உங்க பக்கம்னா மட்டும் அதுக்குப் பேரு இல்லியா?"

"இருக்கு டீச்சர். மல்லிகா" என்றேன் நான்.

மினிட்ஸில் என் பெயரை எழுதவில்லை. டெக்னிகல் எரர் என்றுதான் எழுதினார்கள், நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். கடிதத்தை வாபஸ் வாங்கினார்கள், சாவி திரும்பக் கிடைத்தது. ஊரில் வந்து யாராவது சொல்ல வேண்டும் என்று அஞ்சலை கேட்டதற்கு, சூப்பர்வைசர் சொல்லிவிடுவார் என்றார்கள். அவர் சொல்லவில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது. பன்னிரண்டு பூஜ்யம் போட்டதற்காக என்றுதானே நினைக்கிறீர்கள்? அனுமதியில்லாமல் கமிட்டிக் கூட்டத்துக்குள் நுழைந்ததற்காக. ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தது அவர்கள் கணக்கில் குற்றமே இல்லை. கதவைத் தட்டாமல் உள்ளே போனதுதான் குற்றம். அந்த மெமோவை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த ஒரு வருஷத்து ஷீட்டுகளையும் திரும்ப எடுத்து எல்லாப் பூஜ்யத்தையும் நீக்கினேன். அன்றிலிருந்து சராசரியைத் தனியே நிற்க விட்டதில்லை. பக்கத்திலேயே கவுண்ட் போட்டு எத்தனை பிள்ளை என்று பார்ப்பேன். மின் போட்டு ஆகக் குறைந்த எடை எவ்வளவு என்று பார்ப்பேன். அன்றைக்கு மின் என்று ஒரு கட்டத்தில் போட்டிருந்தால் பூஜ்யம் என்று வந்திருக்கும். பூஜ்யம் கிலோவில் உலகத்தில் எந்தப் பிள்ளையும் இல்லை என்று தெரியப் பயிற்சி வேண்டுமா? அந்த யோசனை எனக்கு வரவில்லை, செயலாளருக்கு வரவில்லை, ஐந்து பெரிய மனிதர்களுக்கு வரவில்லை. தராசைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய அஞ்சலைக்குத்தான் வந்தது. பிள்ளையைத் தெரிந்தவருக்கு எண்ணின் பொய் உடனே தெரிகிறது. நமக்கு எண்ணை மட்டும்தான் தெரியும். இதை மறந்துவிட்டு ஃபார்முலா போட்டாச்சு என்று எனக்குப் போன் செய்யாதீர்கள்.

ஊரில் யாரும் சொல்லவில்லை என்று தெரிந்ததும், அடுத்த மூன்றாம் வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டுவிட்டுக் குப்பத்துக்குப் போனேன். பால்வாடி வாசலில் பூவரச மரத்துக் கிளையில் தராசு தொங்கியது. அம்மாமார்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். அவர்கள் முன்னால் நின்று சொன்னேன். பிள்ளைகள் இளைக்கவில்லை, மாவு எங்கும் போகவில்லை, தப்பாக எழுதியது நான், என் பெயர் மல்லிகா, திண்டிவனம் ஆபீசில் இருக்கிறேன் என்று சொன்னேன். ராஜவேலுவின் அம்மா மட்டும் "இத்த சொல்ல ஒரு மாசமா?" என்று கேட்டார்.

அஞ்சலை பதிவேட்டை என் கையில் கொடுத்தார். "நான் படிக்கறேன். நீயே எழுது" என்றார். அன்று இருபத்தொன்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராகத் தொங்கவிட்டு எடையைச் சத்தமாகப் படித்தார். நான் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டு எழுதினேன். ஒருத்தி மட்டும் இல்லை, மாமன் வீட்டுக்குக் கோலியனூர் போயிருந்தாள். எட்டு வருஷப் பழக்கம், என் பேனா தானாக அந்தக் கட்டத்துக்குப் போனது.

அஞ்சலை தன் கட்டைவிரலை அந்தக் கட்டத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"வுடு. அது அவ எடம். அவ வந்து நெரப்புவா."

நான் பேனாவை மூடும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.